ஏழுக்கு அடுத்து ஒன்பது

12 பிப்ரவரி 1996, திங்கள்

இன்றிலிருந்து கம்பெனியில் நோட்டுப் புத்தகம் கிடையாது. பாளையம்பட்டி மருந்துக் கம்பெனியில் என்னை வேலைக்கு எடுத்ததே இதற்குத்தான். என்ன சரக்கு வந்தது, எந்தப் பேட்ச் சிரப் எந்தக் கடைக்குப் போனது, எல்லாம் இனிமேல் கம்ப்யூட்டரில். வருஷப் பிறப்பிலிருந்து போட்ட ஏழு பேட்சையும் நானே ஏற்றிவிட்டேன். அடுத்ததற்கு அது தானாகவே எட்டு என்று எண் கொடுத்து, சீட்டும் அடித்துத் தந்தது. முதலாளி பொன்னுச்சாமி மானிட்டருக்குச் சந்தனம் பூசி, மேலே எலுமிச்சம்பழம் வைத்தார். நான் நேற்றே சர்ச்சில் ஜெபம் பண்ணிவிட்டேன். இரண்டு பக்கமும் பாதுகாப்பு.

பாட்டிலில் பேட்ச் எண் குத்துகிற கருத்தப்பாண்டி அண்ணன் சீட்டோடு வாசலில் வந்து நின்றார். "ஈவாம்மா, இந்த நம்பரு விஷயமா ஒன்னு..." என்று இழுத்தார். நம்பரையெல்லாம் இனி கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் என்று அனுப்பிவிட்டேன். இருபத்திரண்டு வருஷம் ரப்பர் ஸ்டாம்பு பிடித்த கை. பயம் இருக்கத்தானே செய்யும்.

15 பிப்ரவரி

கரண்டு மூன்று தடவை போனது. கூடவே என் உயிரும்.

9 மார்ச், சனி

ஒரு பேட்ச் எங்கெங்கே போனது என்று தேட முன்பு அரை நாள் ஆகும். இப்போது ஒரு நிமிஷம். முதலாளி வருகிறவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டுகிறார், பேரன் பாடுவதைக் காட்டுகிற மாதிரி.

கருத்தப்பாண்டி அண்ணன் மறுபடியும் வந்தார். போனில் இருந்தேன். அப்புறம் என்று கையைக் காட்டினேன். போய்விட்டார். அந்த அப்புறம் வரவில்லை, நானும் கூப்பிடவில்லை.

7 மே, செவ்வாய்

லேபில் கஸ்தூரி அக்கா ஒவ்வொரு பேட்சிலும் இரண்டு பாட்டிலை மாதிரிக்கு எடுத்து வைத்திருப்பார். பதினைந்து என்று குத்திய பாட்டிலுக்குள் இன்று நூல் நூலாகப் பூஞ்சை. கெடாமல் இருக்கப் போடும் மருந்து அன்றைக்கு விட்டுப்போயிருக்கிறது. விட்டது யார் என்று பிறகு பார்த்துக்கொள்ளலாம். அது குழந்தைகளுக்குக் கொடுக்கிற காய்ச்சல் சிரப்.

முதலாளி என்னைத்தான் பார்த்தார். பதினைந்து எங்கே போனது? ஒரே நிமிஷத்தில் சொன்னேன். சாத்தூர், கோவில்பட்டி, பதினொரு கடைகள். மத்தியானமே வேன் கிளம்பிவிட்டது. இதற்குத்தானே இந்த மிஷின் என்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

8 மே, புதன்

வேன் சாயங்காலம்தான் திரும்பியது. ஒவ்வொரு பாட்டிலிலும் பதினாறு. ஒன்றில்கூடப் பூஞ்சை இல்லை. கடைக்காரர்கள் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்று நான் கத்தினேன். "பதினோரு கடையிலயுமா மாத்திக் குடுப்பாங்க?" என்றார் கஸ்தூரி அக்கா.

ஸ்டாம்பு குத்தும் அறைக்கு ஓடி, கருத்தப்பாண்டி அண்ணனிடம் கேட்டேன்.

"ஏழுக்கு அடுத்து ஒம்பதும்மா. எட்டு நாங்க போடுறதில்ல. பெரிய முதலாளி காலத்துல எட்டாம் நம்பரு சரக்கு பூராம் திரும்பி வந்துருச்சு. அவுக அன்னைக்கு வேண்டாம்னதுதான்."

சீட்டைப் பார்க்கவில்லையா என்றேன். முந்திக் குத்தியதற்கு அடுத்ததைக் குத்துவதுதான் பழக்கமாம். சீட்டு கம்பியில் குத்தித் தொங்குகிறது, எட்டிலிருந்து வரிசையாக. முதலாளிக்கும் இது தெரியும். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருவதுபோல அவருக்கு அது. சொல்ல வேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை.

ஏன் என்னிடம் சொல்லவில்லை?

"ரெண்டு தடவ வந்தேனேம்மா."

ஆமாம். வந்தார்.

எட்டிலிருந்து எல்லாமே ஒன்று தள்ளி. பாட்டிலில் பதினைந்து என்றால் கம்ப்யூட்டரில் பதினான்கு. அது போனது மல்லாங்கிணறு, திருச்சுழி, பரளச்சி. ஒரு நாளுக்கு மேல் வீணாகிவிட்டது. வேனில் முதலாளியே கிளம்பி மல்லாங்கிணறும் திருச்சுழியும் போயிருக்கிறார். பரளச்சிக்கு வேன் போய்ச் சேர்வதற்குள் கடை அடைத்துவிடும், அங்கே போனும் கிடையாது. விடிந்ததும் முதல் பஸ்ஸுக்கு நானும் கருத்தப்பாண்டி அண்ணனும் போகிறோம். ஆண்டவரே, ஒரு பிள்ளையும் குடித்திருக்கக் கூடாது.

9 மே, வியாழன்

முதலாளி போன இரண்டு ஊரிலும் ஒன்று விடாமல் கிடைத்துவிட்டது. பரளச்சிக் கடைக்காரர் செல்லப்பாண்டி மட்டும் இரண்டு பாட்டில் விற்றிருக்கிறார். ஒன்றைப் பிரிக்காமலே திருப்பி வாங்கினோம். இன்னொன்றை அழகுத்தாய் என்கிற பெண் வாங்கிப் போயிருக்கிறாள். எப்போது? செவ்வாய்க்கிழமை சாயங்காலம். எங்கள் வேன் கோவில்பட்டியில் நின்றுகொண்டிருந்த நேரம்.

கரிசல் காட்டு வெயிலில் அவள் வீட்டுக்கு ஓடினோம். பூட்டியிருந்தது. பிள்ளைக்கு வாந்தி நிற்காமல், விடியும் முன்னே அருப்புக்கோட்டைக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்களாம்.

திரும்பி வந்ததும் கஸ்தூரி அக்காவை ஆஸ்பத்திரிக்கு ஓடச் சொன்னேன்.

10 மே

ஆஸ்பத்திரிக்கு நானும் போனேன். பெண் குழந்தை. இரண்டு வயது. குளுக்கோஸ் ஏறுகிறது. கஸ்தூரி அக்கா நேற்றே டாக்டரிடம் எல்லாம் சொல்லிவிட்டார். அழகுத்தாய் என்னை யாரோ என்று நினைத்து, பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுத்தாள். உட்காரவில்லை. எங்கள் மருந்துதான் என்று சொன்னேன்.

"சீல் ஒடைக்காத மருந்துன்னு நம்பித்தானக்கா குடுத்தேன்" என்றாள். அதற்குப் பதில் என்னை நாலு அறை விட்டிருக்கலாம்.

11 மே

பிள்ளை இட்லி கேட்டதாம். கேட்டதாம்! பாத்ரூமில் போய் அழுதேன்.

13 மே, திங்கள்

மருந்து ஆய்வாளருக்கு முதலாளி எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டார். பிறகு கருத்தப்பாண்டி அண்ணனை நிற்கவைத்து, நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

நான் குறுக்கே போய்ச் சொன்னேன். அவர் இரண்டு தடவை சொல்ல வந்தார், நான்தான் காது கொடுக்கவில்லை, அனுப்புவதென்றால் என்னை அனுப்புங்கள். எட்டு வேண்டாம் என்பது முதலாளிக்கும் தெரியுமே என்றும் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் மானிட்டர் மேல் காய்ந்துபோயிருந்த எலுமிச்சம்பழத்தையே பார்த்தார். கடைசியில், ரெண்டு பேரும் போய் வேலையைப் பாருங்கள் என்றார்.

10 பிப்ரவரி 1997, திங்கள்

காலையில் பஸ்ஸில் அழகுத்தாயைப் பார்த்தேன். பிள்ளை ஜன்னல் கம்பியைப் பிடித்து எம்பி எம்பிக் குதித்தது. அழகுத்தாய் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சரிதான்.

இப்போதெல்லாம் எண்ணைக் கம்ப்யூட்டர் தானாகக் கொடுப்பதில்லை. அதற்கான ஆணையை நான் எடுத்துவிட்டேன். பேட்சின் முதல் பாட்டில் என் மேசைக்கு வர வேண்டும். அதில் இருப்பதைப் பார்த்துத் தட்டினால்தான் அடுத்த திரை வரும். இந்த வருஷத்தில் ஏழு முடிந்து, இன்று அடுத்தது. கருத்தப்பாண்டி அண்ணன் பாட்டிலைக் கொண்டுவந்து வைத்தார். ஒன்பது. தட்டினேன்.

வேறு ஏதாவது சொல்லணுமாண்ணே என்று எப்போதும்போலக் கேட்டேன். எப்போதும் ஒன்றுமில்லை என்பார். இன்று கதவருகே நின்றார்.

"ஒன்னு இருக்கு தாயி. பாட்டிலு மூடி வருதுல்ல, அந்த லோடு..."

நாற்காலியை இழுத்துப் போட்டேன். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.