ஈரம் காயாத கொடி

மார்ச் 4

கண்ணான மகனுக்கு,

அம்மா எழுதுவது. மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவள், பிழை பார்க்காதே.

அப்பா எப்போதும் கடலில் இருந்தவர்தான். இப்போதும் கடலில்தான் இருக்கிறார். ஆனாலும் வீடு வேறு மாதிரி இருக்கிறது.

கப்பலுக்கு வெளியே பலகையில் தொங்கியபடி அதன் பக்கச் சுவரில் நம் நாட்டுக் கொடியைப் பெயின்டால் பூசிக்கொண்டிருந்தவர், போர்க்கப்பல்காரன் நிற்கச் சொல்லி மிரட்டிச் சுட்டதில் தண்ணீரில் விழுந்து, கிடைக்காமலே போய்விட்டார். விதி என்று அதை விழுங்கிக்கொள்வேன். அதே கப்பலிலிருந்து நீ எழுதிய மற்றதை விழுங்க முடியவில்லை. "பெயின்ட் இன்னும் ஈரமா இருக்கு. எங்களைப் பார்த்ததும் கொடியை மாத்திட்டீங்க, இது எதிரிக் கப்பல்தான்" என்று உங்களைப் பிடித்து வைத்திருக்கிறார்களாம். கப்பல் சமையல்காரர்கூட, "உங்கப்பா நம்ம எல்லாருக்கும் சேர்த்து நாமம் போட்டுட்டாருப்பா" என்கிறாராம்.

சண்டையில் எந்தப் பக்கமும் சேராத நாடு நம்முடையது. அது தூரத்திலேயே தெரியட்டும் என்றுதானே மனுஷன் ஒவ்வொரு பயணத்திலும் பூசினார்!

பழைய பூச்சைச் சுரண்டாமல் மேலேயே பூசுவார், சோம்பேறி. கேப்டன் திட்டுவதை என்னிடம் சிரித்துக்கொண்டே சொல்வார். இப்போது அந்தப் பூச்சைச் சுரண்டிப் பார்க்கும்படி அவர்களிடம் சொல். தலை குனியாதே.

உன் அம்மா


மார்ச் 22

அன்புள்ள அம்மா,

நலமா என்று கேட்க வாய் வரவில்லை. சாப்பிடுகிறாயா?

நீ எழுதியதைக் கேப்டனிடம் சொன்னேன். எங்கள் கப்பல் வழக்கு நடக்கும் நீதிமன்றத்தில் அவர் அதையே கேட்டார். நேற்று அதிகாரிகள் படகில் வந்து சுரண்டினார்கள். ஈரப் பூச்சுக்கு அடியில் நம் கொடி. அதற்கு அடியிலும் நம் கொடி. இரும்பு தெரியும்வரை அதேதான். சுரண்டியவனே, "போதும்ப்பா, ஒரே நாட்டை எத்தனை தடவை பாக்குறது" என்று கத்தியை மடக்கிவிட்டான். கப்பல் நம் நாட்டுடையதுதான் என்று இன்று தீர்ப்பு வந்தது. சமையல்காரர் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்.

அப்பாவின் வேலையை எனக்குத் தருவதாகக் கேப்டன் சொல்கிறார். நீ வீட்டுக்கு வா என்றால் வந்துவிடுகிறேன்.

உன் மகன்


ஏப்ரல் 9

என் ராஜாவுக்கு,

உன் கடிதத்தைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் சத்தமாகப் படித்துக் காட்டினேன். "உன் வீட்டுக்காரர் கப்பலையே மீட்டுட்டாரேடி!" என்றாள். "பின்னே?" என்றேன். உள்ளே வந்துதான் அழுதேன்.

வா என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அவர் பூசிய கொடியை வேறொருவன் பூசுவதை நினைத்தால் கை எழுத மாட்டேன் என்கிறது. வேலையை வாங்கிக்கொள். மேலே ஒருவன் கயிற்றைப் பிடிக்காமல் பலகையில் இறங்காதே, இது அம்மா உத்தரவு.

அவர் விழுந்த இடத்தில் கப்பலை நிறுத்த மாட்டார்கள் என்று தெரியும். கப்பல் சங்கை மட்டும் அங்கே ஒரு தடவை நீளமாக ஊதச் சொல். யாருடைய கப்பல் போகிறது என்று அவருக்குத் தெரியட்டும்.

உன்னைப் பெற்றவள்