போதும் என்ற பிறகு ஒரு தேய்ப்பு

12 ஜனவரி 1996, வெள்ளி. தேரா

ஜும்ஆ தொழுகை முடிந்து வந்து படுத்தேன். தூக்கம் வரவில்லை. நேற்று அர்பாப், என் அரபு முதலாளி, கடைக்குக் கொண்டுவந்த சாமான் கண்ணிலேயே நிற்கிறது. ரிவால்வர்! கைக்கடிகாரம் ரிப்பேர் பார்க்கிறவன் மேசையில் வைக்கிற பொருளா அது? துணியைப் பிரித்ததும் எழுந்துபோய்க் கடைக் கதவைச் சாத்தினேன். போலீஸ் லைசென்ஸையும் எடுத்துக் காட்டிச் சிரிக்கிறார் மனுஷன்.

அர்பாப் அபூ உபைத்தான் என் கஃபீல், என் விசாவுக்குப் பொறுப்பாளி. கடையும் அவர் பெயரில். முட்டி வைத்தியத்துக்கு இத்தாலி போன இடத்தில் இதைப் பார்த்து ஆசைப்பட்டு, அனுமதிக்கு ஒரு வருஷம் அலைந்து வரவழைத்திருக்கிறார். பழைய காலத்து அமெரிக்க மாதிரி, புதிதாகச் செய்தது. தோட்டா கிடையாது. உருளையின் முன்வாய் வழியாகக் கருமருந்தைப் போட்டு அடைக்க வேண்டும். பின்னால் சின்னச் செம்பு கேப் மாட்ட வேண்டும், பிள்ளைகள் வெடிக்கிற பொட்டுவெடி மாதிரிதான். சுத்தியல் மாதிரியான சுத்தி கேப்பில் அடித்தால் மருந்து பற்றும். அவருடைய வாப்பா வைத்திருந்த நாட்டுத் துப்பாக்கி இந்தக் கடற்காற்றில் துருவேறி இற்றுப்போனதாம். அதனால்தான் முழுக்க ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் தேடியிருக்கிறார்.

மார்ச்சில் சின்ன மகன் கல்யாணம். மாப்பிள்ளை வாசலில் வந்து இறங்கும்போது பெற்றவன் வானத்தைப் பார்த்துச் சுடுவது அவர்கள் வீட்டு வழக்கம். ஆனால் அர்பாபின் விரலெல்லாம் முடக்குவாதம். சுத்தியைக் கட்டைவிரலால் இழுக்க முடியவில்லை. “இதை இளக்கிக் கொடு. துப்பாக்கிக் கடைக்குக் கொண்டுபோனால் உபைதுக்குத் தெரிந்துவிடும்” என்றார். உபைத் மூத்த மகன், அமெரிக்காவில் படித்தவன். ‘நீங்க உட்காருங்க வாப்பா, நான் சுடுறேன்’ என்று சொல்லக் காத்திருக்கிறானாம். உட்காரத்தான் இவருக்குப் பயம்.

முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொன்னேனா?

14 ஜனவரி

என்னை அண்ணன் முறை வைத்துக் கூப்பிடுகிற ரூம்காரன் அகமது கபீருக்கு மூக்கு வேர்த்துவிட்டது. “காக்கா, இனிமே கடை போர்ட மாத்திருவோம். அலாவுதீன் வாட்ச் அண்ட் பீரங்கி!” போடா.

20 ஜனவரி

அர்பாப் எதிரே உட்கார்ந்து பாலில்லாத சுலைமானி டீ குடித்துக்கொண்டிருக்க, இன்று கழற்றினேன். வெளியே கண்ணாடி மாதிரி பளபளப்பு. உள்ளே? மெஷின் அறுத்த கோடுகள் அப்படியே இருக்கின்றன. உரசுகிற இடத்தையெல்லாம் எண்ணெய்க்கல்லில் மெதுவாகத் தேய்த்தேன். கண்ணில் லென்ஸ் மாட்டினபிறகு பயம் போய்விட்டது. கடிகாரமானாலும் இதுவானாலும் இரும்பு இரும்புதான் என்று தோன்றியது. இன்னும் சுத்தியின் ஸ்பிரிங் பாக்கி. அது முரட்டுப் பட்டை.

20 பிப்ரவரி, பெருநாள்

ஊருக்கு போன் போட்டேன். என் மனைவி ஹபீபுன்னிசா எடுத்ததுமே, “மச்சான், பெருநாப் புடவைய உடுத்திக்கிட்டு யாருட்ட காட்ட? கண்ணாடிட்டயா?” என்றாள். கல்யாணம் முடியட்டும், உன் விசாவில் அர்பாப் கையெழுத்துப் போடுவார் என்றேன். “இதயேதான் போன பெருநாளைக்கும் சொன்னீங்க.”

23 பிப்ரவரி, வெள்ளி

வெடித்தது! அல்ஹம்துலில்லாஹ், ஆறும் வெடித்தது!

ஸ்பிரிங்கைக் கொஞ்சம் கொஞ்சமாக மெலிய வைத்துக் கொண்டுவந்திருந்தேன். அவீர் தாண்டிப் பாலைவன மணலுக்குள் அவரே வண்டி ஓட்டி அழைத்துப் போனார். குண்டு இல்லாமல் வெறும் மருந்து. கட்டைவிரலை வைத்தார், பல்லைக் கடித்தார், இழுத்தார். வெண்புகை சூழ்ந்து அவர் முகமே தெரியவில்லை. புகைக்குள்ளிருந்து சிரிப்பு மட்டும் கேட்டது. வீட்டுக்கு வந்து வெந்நீரும் சோப்பும் போட்டு, பிரியாணிச் சட்டி கழுவுகிற மாதிரி கழுவினோம். கருமருந்துக் கரியை விட்டுவைக்கக் கூடாதாம். அவர் என் தோளில் தட்டி, “கலாஸ், அலாவுதீன். போதும், இனித் தொடாதே” என்றார்.

6 மார்ச், புதன்

நாளை கல்யாணம். துடைத்துப் பளபளப்பாக்கி வைக்க வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். மஜ்லிஸில், அந்த விருந்தினர் கூடத்தில், நான் மட்டும். அவர் விருந்தாளிகளை வரவேற்கப் போய்விட்டார். சுத்தியை இழுத்துப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் கடைசியில் ஒரு சின்னப் பிடிப்பு. பையில் கல் இருந்தது. ஸ்பிரிங்கைக் கழற்றி இன்னும் ஒரு தேய்ப்பு, அப்புறம் இன்னொன்று. இப்போது வெண்ணெய் மாதிரி வருகிறது. நாளைக்கு விரலை வைத்ததும் ஆச்சரியப்பட்டுப் போவார்.

7 மார்ச்

வெடிக்கவில்லை.

8 மார்ச், வெள்ளி

எழுதாமல் விட்டால் மண்டை வெடித்துவிடும்.

மாப்பிள்ளை வண்டி வந்து நின்றது. மேளம் நின்றது. எல்லோரும் விலகி இடம் விட்டார்கள். அர்பாப் கையை உயர்த்தி இழுத்து விசையை அழுத்தினார். டிக். அவ்வளவுதான். மறுபடி, டிக். மூன்றாவதும் டிக். அது துப்பாக்கிச் சத்தமா? என் கடையில் நாள் முழுக்கக் கேட்கிற சத்தம்! கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். உபைத் வந்து அவர் கையிலிருந்து அதை மெதுவாக, ரொம்ப மரியாதையாக வாங்கிக்கொண்டான். அவர் தங்கச்சி மகன் ரைபிளை எடுத்துப் படபடவென்று சுட்டான். மேளம் மறுபடி தொடங்கியது.

ராத்திரி முழுக்க என்னையே திட்டிக்கொண்டு கிடந்தேன். கடிகாரத்துக்குத்தானடா லேசு வேணும், கேப்புக்கு அடி வேணும்! அந்த ஸ்பிரிங்குல கடைசியா இருந்த முரட்டுத்தனந்தாண்டா அந்த அடி. அதப் போயி தேச்சு எடுத்துட்டு வந்து நிக்கிறியே பாவி. தொடாதன்னு சொன்னாரே. கேட்டியா? கைய வச்சுக்கிட்டு சும்மா இருக்கத் தெரியுதா ஒனக்கு?

உபைத் என்னைப் பார்த்து, “நீதானே இதை ரிப்பேர் செய்தாய்?” என்று ஆரம்பித்தான். நான் வாயைத் திறப்பதற்குள் அர்பாப் குறுக்கே வந்தார். “அவன்மேல் தப்பில்லை. விரல் நழுவிவிட்டது. முழுதாக இழுக்கவில்லை நான்.”

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும்.

22 மார்ச், வெள்ளி

சாயங்காலம் ஆனால் கடைக்கு வந்து, அந்த ஸ்டூலில் உட்கார்ந்து, சீனி கூடிப்போச்சு என்று தேநீரைத் திட்டுகிற ஆள். வரவேயில்லை. டிரைவரைக் கேட்டேன். வண்டிச் சாவியை உபைதிடம் கொடுத்துவிட்டாராம். “இந்தக் கையை நம்பி ஸ்டியரிங்கைப் பிடிக்கலாமா?” என்றாராம். கடை விஷயமும் இனி உபைத்தானாம்.

மணலில் ஆறு முறை இழுத்த கை அது. கெட்டது கை இல்லை, ஸ்பிரிங் என்று எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது.

இன்று போய்ச் சொல்லிவிடுவது என்று கிளம்பினேன். அவர் வீட்டு கேட் வரை போய் நின்றேன். ஹபீபுன்னிசாவின் விசாத் தாள் இப்போது உபைத் மேசையில் இருக்கிறது. தகப்பனைச் சபையில் தலைகுனிய வைத்தவன் நான்தான் என்று தெரிந்தால் கையெழுத்துப் போடுவானா? விசா வரட்டும், பிறகு சொல்லலாம் என்று திரும்பிவிட்டேன்.

10 ஏப்ரல்

உபைத் கையெழுத்துப் போட்டுவிட்டான். தாளைப் பார்க்கக்கூட இல்லை. “வாப்பா சொல்லியிருக்கிறார்” என்றான்.

புது ஸ்பிரிங் ஒன்று செய்து முடித்துவிட்டேன். மணலில் வெடித்த அன்றைய அளவில்.

அப்புறம் ஏன் இன்னும் போகவில்லை? கபீர் கேட்டான், “விசாதான் வந்துருச்சே காக்கா, இப்ப எதுக்குப் பயம்?” அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, அதுதான்.

9 மே

வந்துவிட்டாள். ஏர்போர்ட்டில் என்னைப் பார்த்ததும், “என்ன மச்சான், எலும்பும் தோலுமா நிக்கிறீங்க” என்று திட்டிவிட்டு அழுதாள்.

17 மே, வெள்ளி

“விசா கொடுத்த மனுஷருக்கு ஒரு சலாம் சொல்லாம இருந்தா நல்லாவா இருக்கும்?” என்று ஹபீபுன்னிசா பிடித்த பிடியில் நின்றாள். தொதல் அல்வா கிண்டி எடுத்துக்கொண்டாள். புது ஸ்பிரிங்கைக் காகிதத்தில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். இன்று சொல்லாவிட்டால் நான் மனுஷனில்லை என்று பஸ்ஸிலேயே முடிவு கட்டியிருந்தேன்.

முற்றத்து நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பணிப்பெண். தேநீர்க் குவளையை அவள் பிடித்திருக்க அவர் குடிக்கிறார். இரண்டு கையும் மடியில் கிடக்கின்றன. ரிவால்வர் எங்கே என்று கேட்டேன். போலீஸில் ஒப்படைத்து, லைசென்ஸையும் ரத்து செய்தாயிற்றாம்.

ஹபீபுன்னிசா சலாம் சொன்னாள். ஆள் மலர்ந்துபோனார். எங்களுக்கும் தேநீர் வந்தது. அவளைப் பார்த்து அரபியில், “மகளே, உன் புருஷன் கைதேர்ந்தவன். பொருளை அருமையாகச் செய்துகொடுத்தான். கெட்டுப்போனது என் கைதான். அவனை மனதில் ஒன்றும் வைத்து வருந்த வேண்டாம் என்று சொல்” என்றார்.

இவளுக்கு அரபி தெரியாது. என் முகத்தைப் பார்த்தாள்.

“என்ன மச்சான் சொல்றாங்க?”

பையில் ஸ்பிரிங் நெஞ்சில் குத்திக்கொண்டிருந்தது.

“டீ ஆறுதாம். குடிக்கச் சொல்றாரு.”