ஊசி வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள்

இன்று காலை விளாங்குடியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அந்தப் பெண் என் கையில் ஸ்பிரிட் பஞ்சைத் தேய்த்தாள். வாடை மூக்கில் ஏறியதும் நீ பக்கத்தில் வந்து நின்றது போல இருந்தது மாமா. கோரிப்பாளையத்தில் முப்பது வருஷம் ஊராருக்கு ரத்தம் எடுத்தவன் நீ. உன் சட்டையில் அத்தரை மீறி அந்த வாடைதான் அடிக்கும்.

சாயங்காலம் முடிவு வந்தது. டாக்டர் பார்த்துவிட்டு, "அளவு சரியா இருக்கு, ஊசியெல்லாம் வேண்டாம்" என்றார். வெளியே வந்து ஒரு பூட்டிய கடை வாசலில் உட்கார்ந்தேன். சித்திரையில் பிடித்த மூச்சை அங்கேதான் விட்டேன். நம்ம அவனியாபுரத்தில் சோதனைக்கு ரத்தம் கொடுத்தால் தெரிந்தவன் எவனாவது பார்த்துவிடுவான் என்றுதான் ஊரின் மறுகோடிக்கே போனேன். நீ இருந்திருந்தால் அதற்கும் சிரித்திருப்பாய்.

சித்திரையில் நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். அதற்கு முன்பே ஒரு வருஷமாக எனக்கு அசதி. பட்டறையில் மோட்டாருக்குக் கம்பிக் காயில் கட்டிக்கொண்டிருக்கும்போதே தூங்கி விழுவேன். எதற்கெடுத்தாலும் எரிச்சல். வீட்டில் சொல்ல முடியாத ஒரு குறையும் இருந்தது. அதை உன் ஒருவனிடம்தான் சொன்னேன். ஆண்களுக்கென்று போர்டு மாட்டிய ஒரு கிளினிக்கில் ரத்தம் பார்த்தார்கள். ஆண் ஹார்மோன் டெஸ்டோஸ்டிரோன் குறைவு, ஆயுசுக்கும் ஊசி போட வேண்டும் என்றார்கள். அந்தத் தாளோடு உன் வீட்டுக்கு வந்தேன்.

"எத்தன மணிக்கு ரத்தம் குடுத்த?"

"மத்தியானம் மூணு மணிக்கு."

"மொத நா தூங்குனியா?"

"அழகர் ஆத்துல எறங்குற நேரத்துல எவன் மாமா தூங்குவான்? மூணு நாளு நீர்மோர்ப் பந்தல்ல நின்னேன். நாலாம் நா தங்கச்சி வீட்டுல கறிச்சோறு. அங்கிட்டிருந்து நேரா போய்க் குடுத்தேன்."

நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "இந்தத் தாள்ல வடை மடிக்கலாம் மாப்ள! அந்த அளவு காலையில ஏறி நிக்கும், பொழுதாக ஆக எறங்கும். நல்லாத் தூங்கி எந்திரிச்சு, வெறும் வயித்துல குடுக்கணும். அதையும் ஒருதடவைக்கு ரெண்டு தடவை பாக்கணும். ஊசி நெசமாவே வேணுங்கிற ஆளுக இருக்காக. நீ அதுல ஒருத்தனான்னு இன்னும் தெரியலயே."

"அப்ப இம்புட்டு அசதி எதுக்கு?"

"தொந்திய பாரு. வீடு அதிர குறட்டை. ஞாயித்துக்கிழமையானா பீரு. அத மூணு மாசம் சரி பண்ணிட்டு வா. லேகியம் விக்கிறவன் பக்கம் போயிராத."

எனக்குச் சுருக்கென்றது. வாத்தியார் இல்லாமல் மோட்டாரைப் பிரித்துப் பிரித்தே தொழில் கற்றவன் நான், எவனும் எனக்குச் சொல்லித் தர வேண்டாம் என்று கத்திவிட்டு வந்தேன். நீ சொன்னதில் தப்பில்லை. சிரித்தது தப்பு. இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன்.

ஆனால் நீ சொன்னது ஒன்றையும் விடவில்லை. முட்டையும் பயறும் தின்றேன், பீரை விட்டேன். விடிந்ததும் கண்மாய்க் கரையில் நடை. பட்டறையில் மோட்டார்களை நானே தூக்கி வைத்தேன். நேரத்தோடு படுத்தேன், குறட்டைக்கும் டாக்டரைப் பார்த்தேன். பெல்ட் இரண்டு ஓட்டை உள்ளே போனது. உன்னிடம் மட்டும் சொல்லவில்லை. இரண்டு முறை போன் செய்தாய், எடுக்கவில்லை. நல்ல முடிவோடு வந்து உன் முன்னால் நிற்க வேண்டும் என்ற வீம்பு. ஆடியில் நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டாய்.

இன்று வீட்டுக்கு வந்ததும் என் பெண்டாட்டி தாளைப் பார்த்துவிட்டாள். முதல் முறையாக எல்லாவற்றையும் சொன்னேன்.

"இதுக்கா இத்தன மாசமா மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டுத் திரிஞ்சீக? நான் புத்துநோயோன்னு பயந்துல்ல கெடந்தேன்!" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பிறகு, "எனக்குந்தேன் அசதியா கெடக்கு. எனக்கெல்லாம் அது கெடையாதாக்கும்?" என்றாள்.

"பொம்பளைக்கும் உண்டு, அளவுதான் கம்மி" என்று, நீ எப்போதோ சொன்னதை நானே கண்டுபிடித்தது போலச் சொன்னேன். "உனக்கு மொதல்ல ரத்தசோகையும் தைராய்டும் பாக்கணும். தூக்கமும் சாப்பாடும் நடையும் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான்."

"அப்ப நாளையில இருந்து நீங்க தண்ணிக் கொடத்த தூக்குங்க, நான் கண்மாய்க்கு நடந்துட்டு வாரேன்."

இந்த வீட்டில் இருவரும் சேர்ந்து சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது.

உடம்பு லேசாகிவிட்டது மாமா. ஒரே ஒரு பாரம்தான் மிச்சம். 'நீ சொன்னது சரி' என்று என் ஆயுளில் எவனிடமும் சொன்னதில்லை. உனக்கென்று எடுத்து வைத்திருந்தேன். இனி அதை வேறு எவனுக்கும் கொடுக்க மாட்டேன். என்னிடமே இருக்கட்டும்.