கால்வாயில் மாட்டிய புல்ஹண்

ஜனவரி 6
காலையில் சிந்து நதியின் சக்கர் அணையில் கால்வாய் மதகுகளை மூடிவிட்டார்கள். பதினைந்து நாள் தூர் வாருவார்கள். நான் காவல் பார்க்கும் கால்வாய் மடையில் தண்ணீர் ஆறடியிலிருந்து நாலரைக்கு இறங்கிவிட்டது. குட்டைகளில் தேங்கப்போகும் மீனுக்காக ஊரே வலையை உதறிக்கொண்டு நிற்கிறது.

ஜனவரி 8
இரண்டே முக்கால் அடி.

ஜனவரி 9
பயந்தது நடந்துவிட்டது. பாலத்தடிக் குட்டையில் ஒரு புல்ஹண். சிந்து நதியின் குருட்டு டால்பின். மதகு திறந்திருந்தபோது உள்ளே வந்து, ஆற்றுக்குத் திரும்ப முடியாமல் மாட்டிக்கொண்டது. வனவிலங்கு அலுவலகத்துக்கு ஃபோன் செய்தேன். "ரெண்டு நாள் ஆகும். வேற எடத்துல மூணு மாட்டியிருக்கு. அதுவரைக்கும் யாரையும் வலை போட விடாதீங்க."

சொல்வது சுலபம். மைத்துனன் காமிசோ வலையோடு வந்து நின்றான். "ஏன் மச்சான், இந்தக் குட்டை எங்கக்கா கொண்டுவந்த சீதனமா?" கரையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் நகரவில்லை.

ஜனவரி 10
ஒன்றரை அடி. முதுகு வெளியே தெரிகிறது. காமிசோ மறுபடி வந்தான். இம்முறை கையில் வலை இல்லை, குடம். "பாவம் மச்சான், காயுது. தலையில தண்ணி ஊத்துவோம்." நாளைக்குப் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டேன்.

போன வருடம் மாட்டிய இன்னொரு புல்ஹணுக்கு நானும் இதைத்தானே செய்தேன். தலை காயக்கூடாதென்று வாரி வாரி ஊற்றினேன். அது மூச்சு விடும் துளை உச்சந்தலையில் இருப்பது அப்போது தெரியாது. மீன்தானே என்று நினைத்தேன். என் மடியிலேயே செத்தது. வெயிலில் செத்ததாக எல்லோரிடமும் சொன்னேன், என் மனைவி ஸுலேகாவிடம்கூட. இப்போது உண்மையைச் சொன்னால் இந்த ஊரில் தலைகாட்ட முடியுமா?

ஜனவரி 11
சொல்லிவிட்டேன்.

காலையில் அது சேற்றில் தரைதட்டிவிட்டது. காமிசோ குடத்தைத் தூக்கிவிட்டான். கையைப் பிடித்தேன், உதறினான். "டேய், ஊத்தாதடா. போன வருஷம் நான்தான்டா ஊத்திக் கொன்னேன். அது மீன் இல்லடா, நம்மள மாதிரி மூச்சு விடுது." காமிசோ குடத்தைக் கீழே வைத்தான். பிறகு அவனே ஈரத்துணியை முதுகில் மட்டும் போர்த்தினான், துளையை விட்டுவிட்டு.

மதியம் வனவிலங்கு அலுவலக வண்டி வந்து அதை ஏற்றியது. ஆற்றங்கரை வரை அதன் பக்கத்தில் உட்கார்ந்து நனைத்துக்கொண்டே போனேன். அதன் ஒவ்வொரு மூச்சுக்கும் என் மூச்சு நின்று வந்தது. ஆற்றில் விட்டதும் ஒரே முங்கு. அழுதேன், வெட்கமில்லாமல்.

வீட்டில் ஸுலேகா கேட்டாள். "ஒரு வருஷமா எங்கிட்டயும் பொய்யா?" அவ்வளவுதான்.

ஜனவரி 14
டீக்கடையில் எனக்குப் பட்டப்பெயர் வைத்தாகிவிட்டது: 'புல்ஹணைக் கொன்றவன்'. கால்வாய் நெடுகப் பரவியிருக்கிறது. டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

ஜனவரி 18
பத்து மைல் தள்ளி ஏதோ ஒரு ஊரிலிருந்து ஃபோன். தெரியாத குரல்.
"புல்ஹணைக் கொன்னவர் நீங்கதானே?"
வைத்துவிட நினைத்தேன். ஆமாம் என்றேன்.
"இங்க ஒண்ணு மாட்டியிருக்குண்ணே. ஆஃபீசுக்குச் சொல்லிட்டோம். தலையில யாரும் தண்ணி ஊத்தல. நீங்க கொஞ்சம் வாங்க."