நாற்பது நொடிக் கறுப்பு

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பாப்பாவுக்கு இன்றோடு பன்னிரண்டு வாரம். ஐந்து கிலோ நூறு கிராம். நான் வேலைக்குத் திரும்ப இன்னும் பதினைந்து நாள் இருக்கிறது. பத்து பெரண்டாமில் இருக்கும் ஆபீசில் என் நாற்காலியில் இப்போது யார் உட்கார்ந்திருக்கிறார்களோ.

"ஏழாம் துறை" தொடரின் ரசிகர் குழுவில் காலையிலிருந்து சண்டை. இரண்டாம் பாகத்தில் அந்த நாற்பது நொடியைக் காட்டலாமா, வேண்டாமா? நீங்களே வாக்குப் போட்டுச் சொல்லுங்கள் என்று தொடரை எடுத்தவர்கள் அறிவித்திருக்கிறார்கள். மாதக் கடைசி வரை நேரம்.

முதல் பாகத்தின் கடைசிக் காட்சி அது. ஆற்றுக்குள் இருப்பது ஊரிடம் ஒரு பிள்ளையைக் கேட்டிருக்கிறது. ஓடக்காரி நீலவேணி தன் கைக்குழந்தையோடு துறையில் இறங்குகிறாள். நாலாவது படியில் தண்ணீர் முழங்காலைத் தொடுகிறது. அப்போது திரை கறுப்பாகிறது. நாற்பது நொடி, தண்ணீர்ச் சத்தம் மட்டும். வெளிச்சம் திரும்பும்போது அவள் கையில் ஒன்றுமில்லை.

ஆறு பறித்ததா, அவளே விட்டாளா? ஆயிரத்து நானூறு பேர் மூன்று மாதமாக இதையே பேசுகிறோம். பிரசவப் பத்தியத்தில் படுத்திருந்தபோது, பால் கொடுத்துக்கொண்டே ஒரு கையால் படித்துப் படித்து நானும் சேர்ந்துவிட்டேன். அங்கே என் பெயர் 'நாலாம் படி'. நான் யாரென்று அங்கே யாருக்கும் தெரியாது. என் கணவர் சுகுவுக்கும் தெரியாது.

பாப்பாவின் துண்டை நனைத்துக் கொடியில் போட்டாயிற்று.

ஆகஸ்ட் 7, வியாழன்

குழுவில் இன்று வந்தவற்றில் சில:

"பெத்தவ எவளும் விடமாட்டா. ஆறுதான் பறிச்சுச்சு. எழுதுனவனுக்குத் தாயே இல்லையா?"

"அட போங்கலா. கிராபிக்ஸ் செய்யத் தெரியாம கறுப்பப் போட்டு மூடிட்டானுங்க. நீங்க என்னமோ தத்துவம் பேசுறீங்க."

"காட்டாம விட்டதுதான் அந்த சீனோட உயிரு. தொறந்து காட்டுனா செத்துரும்."

"அவள்தான் விட்டாள் என்றால், இரண்டாம் பாகத்தை என் வீட்டில் யாரும் பார்க்க மாட்டார்கள்." இது தேவமலர் டீச்சர். எப்போதும் முற்றுப்புள்ளி வைத்துத்தான் எழுதுவார்.

ஹெட்ஃபோன் போட்டு அந்த நாற்பது நொடியை மெதுவாக ஓடவிட்டுக் கேட்டேன். இருபத்து மூன்றாவது நொடியில் ஒரு மூச்சு. தண்ணீருக்கு அடியில் போல, ஆனால் நிச்சயமாக மூச்சு. அதை எழுதினேன். அவ்வளவுதான், குழு பற்றிக்கொண்டது. தூக்கும்போது விடும் மூச்சா, இறக்கி வைத்தபின் விடும் மூச்சா? எனக்கும் தெரியவில்லை. இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும் என்று தோன்றுகிறது.

'காட்ட வேண்டாம்' என்று வாக்குப் போட்டேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஹெட்ஃபோன் இல்லாதபோதும் அந்த மூச்சு கேட்கிறது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பாப்பாவின் கழுத்து மடிப்பில் புண். சிவந்து, லேசாகப் புளித்த பால் வாடை. சுகு தூக்கிக் கொஞ்சும்போது பார்த்துவிட்டார்.

"என்னா தேவி இது, வெந்த மாதிரி இருக்கு?"

"வெயில்லா. பவுடர் போட்டா போயிரும்."

"தெனம் குளிப்பாட்டுறதான?"

"துண்டு கொடியில தொங்குது பாருங்க."

என் வாய்தான் சொன்னது. எவ்வளவு சாதாரணமாகச் சொன்னது.

இங்கேயாவது எழுதிவிடுகிறேன். முதல் நாற்பது நாள் மீனம்மா அக்கா வந்து குளிப்பாட்டினார். அவருக்கு அதுதான் வேலை. இந்தத் தாமான் குடியிருப்பில் பிறந்த பாதிப் பிள்ளைகள் அவர் காலில் குளித்தவர்கள். பலகையில் உட்கார்ந்து, காலை நீட்டி, இரண்டு காலுக்கும் நடுவில் பிள்ளையைக் குப்புறப் போட்டு, முதுகில் வெந்நீர். பிறகு திருப்பிப் போட்டு, நெற்றியில் கையை அணையாக வைத்து, தலையில் ஊற்றுவார். "பாத்துக்கம்மா, கைதான் எல்லாம். கை எடுக்காத வரைக்கும் ஒண்ணும் ஆவாது," என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த நாள் நான்.

பலகை, வாளி, சோப்பு எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பாப்பா என்னைப் பார்த்துச் சிரித்தாள் என்றுகூட நினைக்கிறேன். அப்போது வந்தது. குரல் இல்லை. எண்ணம் என்றும் சொல்ல முடியாது. கையை எடுத்தால் என்ன ஆகும்? அவ்வளவுதான். கணக்குப் பாடத்தில் கேட்கிற கேள்வி மாதிரி.

அதன் பிறகு எனக்கு நினைவில் இருப்பது பாப்பா துண்டில் சுற்றி என் மடியில் இருந்ததுதான். வாளியில் தண்ணீர் ஆறிப்போயிருந்தது. வெந்நீர் ஆற எவ்வளவு நேரம் ஆகும்? நடுவில் நான் எங்கே இருந்தேன்? பாப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒன்றுமே ஆகவில்லை. பத்துத் தடவை பார்த்தேன்.

அன்றிலிருந்து குளிப்பாட்டவில்லை. ஈரத் துணியால் துடைக்கிறேன், அதுவும் கட்டிலில் வைத்து. துண்டை நனைத்துக் காயப்போடுகிறேன். வாளித் தண்ணீரைக் கொட்டிவிடுகிறேன். ஏழு வாரம் ஆகிறது. இரண்டு மாத ஊசிக்குப் போனபோது கிளினிக்கில் நர்ஸ் மிஸ்ஸி, "அம்மா எப்படி, ஓக்கேயா? தூக்கம் வருதா?" என்று கேட்டார். ஓக்கே என்றேன். சுகு பக்கத்தில் பாப்பாவின் காலைப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்.

சொன்னால் என்ன செய்வார்கள்? எழுதி வைப்பார்கள். பிள்ளையை யாரிடமாவது கொடுப்பார்கள்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

தேவமலர் டீச்சர் மறுபடியும்: "தாய் விட்டாள் என்று சொல்கிறவர்கள், அவள் ஏன் விட்டாள் என்று ஒரு காரணம் சொல்லுங்கள் பார்ப்போம். பேராசையா? பைத்தியமா? சாபமா?"

எழுதக்கூடாது என்றுதான் நினைத்தேன். எழுதிவிட்டேன். பாப்பா மார்பில் தூங்கிக்கொண்டிருந்தாள், கட்டைவிரல் ஒன்றாலேயே:

"அவளுக்குக் கோபம் இல்லை. சாபமும் இல்லை. பிள்ளை கனக்கிறது. தண்ணீர் கைக்கு இதமாக இருக்கிறது. நாலு நாளாகத் தூங்கவில்லை. கையை எடுத்தால் என்ன ஆகும் என்று ஒரு கேள்வி மட்டும் வருகிறது. பதில் வேண்டும் என்றுகூட இல்லை. அவள் பிள்ளையை வெறுக்கவில்லை. அந்தக் கேள்வியை வெறுக்கிறாள். திரை கறுப்பானது நமக்காக இல்லை. அவளுக்கே அந்த நாற்பது நொடி தெரியாது. அதனால்தான் காட்டக்கூடாது என்கிறேன். யாரும் பார்த்திராத ஒன்றை எப்படிக் காட்டுவீர்கள்?"

இருநூறு பேருக்கு மேல் இதயம் போட்டிருக்கிறார்கள். ஒருவர், "நீங்க ஸ்கிரிப்ட் எழுதுறவரா?" என்று கேட்டிருக்கிறார்.

ஆகஸ்ட் 13, புதன்

சாப்பிடும்போது சுகு போனை எடுத்தார்.

"இந்தா, ஒண்ணு படிக்கிறேன் கேளு. தனேஷ் என்னை ஒரு குரூப்ல போட்டுவிட்டான், அந்த ஆத்துப் பேய் நாடகம். வேலை எடத்துல எல்லாம் இதான் பேச்சு."

தனேஷ் சுங்கை ஊடாங் எண்ணெய் ஆலையில் இவரோடு ஷிஃப்ட் பார்ப்பவன். எனக்குக் கையில் சோறு அப்படியே நின்றுவிட்டது. சுகு படித்தார். நான் எழுதியதை, என் எதிரே உட்கார்ந்து, முதலிலிருந்து கடைசி வரை. அவர் தமிழ் படிப்பது எனக்கு எப்போதும் பிடிக்கும்; ஆரம்பப் பள்ளிப் பையன் மாதிரி ஒவ்வொரு சொல்லையும் மதித்துப் படிப்பார்.

"எப்படி? ஒடம்பு சிலிர்த்துருச்சு எனக்கு. யாரோ நாலாம் படின்னு ஒருத்தன். என்னமா எழுதுறான் பாரேன்." தண்ணீர் குடித்தார். "ஆனா ஒண்ணு. இவன் வீட்டுல ஒரு பிள்ளை இருந்துச்சுன்னா, நான் அங்க ஒரு நிமிசம் விட்டு வைக்கமாட்டேன்லா. தூக்கிட்டு வந்துருவேன்."

"கதைதானே," என்றேன்.

"கதைதான். நீ ஏன் சாப்பிடல?"

ஆகஸ்ட் 14, வியாழன்

தூக்கிட்டு வந்துருவேன். தூக்கிட்டு எங்க போவீங்க? இதுதான உங்க வீடு.

ஆகஸ்ட் 16, சனி

சுகுவுக்கு ஆஃப். மதியம் நான் அறையில் பாப்பாவோடு, அவர் ஹாலில். போன் அதிர்ந்தது. குழுவில் இல்லை, தனியாக, 'நாலாம் படி'க்கு. அனுப்பியவர்: சுகு சுங்கை ஊடாங்.

"வணக்கம் பிரதர். உங்க பதிவு மூணு நாளா மண்டைய விட்டுப் போகல. ஒண்ணு கேக்கலாமா. கதையில அவளுக்குப் புருசன் இருக்கான்ல? அவ ஏன் அவன்கிட்ட சொல்லல?"

மூன்று தடவை எழுதி அழித்தேன். பிறகு: "சொன்னா பிள்ளையத் தூக்கிட்டுப் போயிருவான்னு பயம்."

சுவருக்கு அந்தப் பக்கம் அவர் விரல் தட்டும் சத்தம் கேட்டது. உண்மையாகவே கேட்டது.

"தூக்கிட்டுப் போனா நல்லதுதானே பிரதர். பிள்ளையாவது பொழைக்கும்."

இதற்கு மேல் என்ன இருக்கிறது? எனக்காக இரண்டாம் பாகத்தில் வந்து யாரும் சொல்லப்போவதில்லை. அனுப்பினேன்: "பிரதர் இல்ல. நான் ரூம்ல இருக்கேன். பாப்பா தூங்குறா. சத்தம் போடாம வாங்க."

நாற்காலி நகரும் சத்தம் வரவில்லை. பிறகு கதவருகே நின்றார். முதலில் பாப்பாவைப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் என்னை. தூங்குகிற பிள்ளையைக் கட்டிலிலிருந்து தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். அது எனக்குத் தெரியும், வரும் என்று தெரியும், இருந்தாலும் வலித்தது.

"நீயா?"

"நான்தான்."

"கதைதான அது, தேவி?"

"பாதி."

எல்லாவற்றையும் சொன்னேன். மீனம்மா அக்கா போன மறுநாள், ஆறிப்போன வாளி, ஈரத் துணி. பாப்பாவைப் பிடித்தபடியே சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப அந்தத் துண்டு?"

"நனைச்சுப் போட்டேன்."

"தெனமுமா?"

"தெனமும்."

பாப்பாவின் முதுகைத் தட்டிக்கொடுத்தார். பிறகு சொன்னார்: "பன்னெண்டு மணி நேரம் நின்னு, எந்தக் குழாயில எவ்வளவு ஓடுதுன்னு மீட்டர் பாக்குறவன் நான். வீட்டுல ஒரு வாளித் தண்ணி எங்க போவுதுன்னு பாக்கல பாரு." சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. பாப்பா விழித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அவர் என்னிடம் கொடுத்தார். ஒரு நொடி தயங்கித்தான். ஆனால் கொடுத்தார்.

சாயங்காலம் அவரே நீல பேசின் தொட்டியில் வைத்துக் குளிப்பாட்டினார், சட்டையெல்லாம் நனைந்து. நான் ஹாலில் இருந்தேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

யாருக்கும் கோபம் இல்லை. சுகு சோறு ஆக்கினார், கருகிவிட்டது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

கிளினிக். ஒரு தாளில் பத்துக் கேள்வி, மலாய் மொழியில். இந்த முறை உண்மையாகவே கோடு போட்டேன். அதைப் படித்துவிட்டு டாக்டர் உள்ளே கூப்பிட்டார். தமிழ்ப் பெண், என்னைவிட இரண்டு வயது கூட இருக்கலாம்.

"நினைச்சீங்களா, செஞ்சீங்களா?"

"நினைச்சேன். இல்ல, நினைக்கல. அதுவா வந்துச்சு."

"வந்தப்போ எப்படி இருந்துச்சு?"

"செத்துரலாம் போல இருந்துச்சு."

எழுதுவதை நிறுத்தினார். அதைப் பற்றி நிறையக் கேட்டார். மாத்திரை, வாரம் ஒரு நாள் வந்து பேச வேண்டும். பிள்ளையை யாரும் எடுத்துக்கொண்டு போகவில்லை. கடைசியில் சுகுவை உள்ளே கூப்பிட்டார். "இவங்களுக்கு இருக்கிறது பயம். பிள்ளைக்கு ஏதாவது ஆகிடுமேங்கிற பயம். மறுபடி குளிப்பாட்ட ஆரம்பிக்கும்போது துணைக்கு நில்லுங்க. இவங்களா போதும்னு சொல்ற வரைக்கும்."

சுகு ஒவ்வொரு சொல்லுக்கும் தலையாட்டினார்.

வேலைக்குப் போவது ஒரு மாதம் தள்ளிப்போயிற்று.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

வாக்கு முடிந்தது. 'காட்ட வேண்டும்' வென்றுவிட்டதாம், தனேஷ் சொன்னானாம். தேவமலர் டீச்சர் நாலாம் படியைத் தேடி எழுதியிருந்தார்: "நலமாக இருக்கிறீர்களா? நான் கேட்ட விதம் தவறு." வெறும் நன்றி என்று பதில் போட்டேன். வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

செப்டம்பர் 3, புதன்

காலை நீட்டி உட்கார்ந்தேன். சுகு பாப்பாவைப் படுக்க வைத்தார். முதுகுக்கு மட்டும் தண்ணீர். கேள்வி வந்தது. வந்துவிட்டுப் போனது. கையை நான் எடுக்கவில்லை.

செப்டம்பர் 16, செவ்வாய்

பொது விடுமுறை. கழுத்துப் புண் ஆறிவிட்டது, தோல் புதிதாக இருக்கிறது. இன்று தலைக்கும் ஊற்றினேன். பாப்பா கண்ணைச் சிமிட்டி, வாயைத் திறந்து தண்ணீரைக் குடிக்கப் பார்த்தாள். கேள்வி வரவில்லை. நான் எங்கேயும் போகவில்லை. ஒவ்வொரு கிண்ணத் தண்ணீரும் நினைவிருக்கிறது.

துடைக்கும்போது சொன்னேன்: "போதுங்க. நாளையிலேர்ந்து நானே பாத்துக்குவேன். நீங்க போய் டீ குடிங்க."

"ம்," என்றார் சுகு. "சரி."

பாப்பாவுக்குச் சட்டை போட்டு முடித்து, பலகையைக் கழுவி, வாளியைக் கவிழ்த்துவிட்டு நிமிர்ந்தேன். சுகு இன்னும் கதவருகில்தான் நின்றுகொண்டிருந்தார்.