வியாழக்கிழமைப் பாட்டு

நகாவோகா
19 ஜனவரி 2017, வியாழன் மாலை

ரிட்சுகோவுக்கு,

கடிதம் என்றால் முதலில் பருவத்தைப் பற்றி நாலு வரி எழுத வேண்டுமாம். எழுதிவிடுகிறேன். பனி கொட்டுகிறது. நேற்று முட்டளவு இருந்தது, இன்று இடுப்பளவு. உங்கள் செண்டாயில் இவ்வளவு இருக்காது. நாலு மாதமாக உன்னைத் தன் வீட்டில் வைத்திருக்கும் உன் தங்கையை விசாரித்ததாகச் சொல். சரி, இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நீ அனுப்பிய விவாகரத்துப் படிவம் திங்கட்கிழமை வந்து சேர்ந்தது. உன் கையெழுத்து, உன் பெயர் முத்திரை, முதல் சாட்சியாக உன் தங்கை, எல்லாம் சரியாக இருக்கிறது. மாதக் கடைசிக்குள் திருப்பி அனுப்பச் சொல்லியிருக்கிறாய். கோபமாக ஒரு வரிகூட இல்லை. நாலு வார்த்தை திட்டி எழுதியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டியிருப்பேன், எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நீயோ 'கம்பளிக் காலுறை இரண்டாவது இழுப்பறையில் இருக்கிறது' என்று ஒரு துண்டுச் சீட்டு வைத்திருக்கிறாய். அதைப் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

இரண்டாவது சாட்சிக்கு யாரைப் போய்க் கேட்பது? பஸ் டிப்போவில் சீனியர் டிரைவர் ஒனோதெராவைக் கேட்டேன். மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தவர் அப்படியே மூடிவிட்டார். "ஏன்டா, உன் கல்யாணத்துல எழுந்து நின்னு வாழ்த்துரை வாசிச்சவனே நான்தான். இதுக்கும் நானேவா? ஊர்ல வேற ஆளே கிடைக்கலையா உனக்கு?" என்று கத்தினார். எல்லா டிரைவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். மானம் போயிற்று. கடைசியில் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சொன்னார்: "பஸ்ஸுல மைக்கைப் பிடிச்சு ஒவ்வொரு நிறுத்தமா வாய் ஓயாம சொல்றியே, வீட்டுல அவகிட்ட எதையாவது சொல்லியிருக்கியா நீ?" உன் வேலையைப் பார் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

எனக்குக் கோபம்தான் ரிட்சுகோ. போகிறவள் போகட்டும், முத்திரை குத்திக் கொடுத்துவிடலாம் என்று நேற்று எழுந்தால், என் முத்திரை எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை. முப்பத்தொரு வருஷம் அதை எடுத்துத் தந்தது நீதானே. வீட்டையே கவிழ்த்துப் போட்டுத் தேடினேன். உனக்கு போன் செய்து கேட்கலாம் என்றால், 'உன்னை விவாகரத்து பண்ணணும், முத்திரையை எங்கே வெச்சிருக்கே?' என்று எந்த முகத்தோடு கேட்பது? கடைசியில் சமையலறை மேல் அலமாரியில், காலித் தேயிலை டப்பாவுக்குள் இருந்தது. அதோடு கூட ஒரு நீல அட்டையும் இருந்தது. ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற, தனித்தனி அறையில் பாட்டுப் பாடுகிற கரோக்கே கடையின் உறுப்பினர் அட்டை. பின்பக்கம் உன் பெயர், தேதிகள். வியாழன், வியாழன், எல்லாமே வியாழன். ஓரமெல்லாம் தேய்ந்து போயிருந்தது.

வியாழக்கிழமை நீ பூ அலங்கார வகுப்புக்குப் போவதாகத்தான் சொல்வாய். நம் மகள் அகானே கல்லூரிக்குப் போன வருஷம் ஆரம்பித்தது. பதினோரு வருஷமாகப் பூ வகுப்புக்குப் போகிறவள் ஒரு பூவாவது வீட்டுக்குக் கொண்டு வந்தாளா? ஒன்றும் வந்ததில்லை. அதைக்கூடக் கவனிக்காத மனுஷன் நான்.

மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். யாரோ ஒருத்தன் இருக்கிறான் என்றுதான் நினைத்தேன். ராத்திரி பூரா அந்தத் தேதிகளையே எண்ணிக்கொண்டிருந்தேன். இன்று எனக்கு விடுமுறை. மதியம் ஒரு மணிக்கே அந்தக் கடை வாசலில் போய் நின்றேன்.

கவுண்டரில் சுகாய் அம்மா இருந்தார். உனக்குத் தெரிந்தவர்தான், உன் வயதுதான் இருக்கும். அட்டையைப் பார்த்ததுமே, "அட, நம்ம வியாழக்கிழமை அம்மாவோடது! நாலு மாசமா ஆளையே காணோமே, உடம்புக்கு ஒண்ணுமில்லையே?" என்று பதறினார். நான் அவளுடைய கணவன் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். "அவங்களுக்கு வீட்டுக்காரர் இருக்காரா?" என்றார். குத்திக் காட்டவில்லை, நிஜமாகவே ஆச்சரியப்பட்டுக் கேட்டார்.

வெட்கத்தை விட்டு, யாரோடு வருவாள் என்று கேட்டேன். "யாரோடவா? அய்யோ, தனியாத்தாங்க. என்னைக்குமே தனியாத்தான். மூணாம் நம்பர் அறை, ஒரு மெலன் சோடா, ஒன்றரை மணி நேரம். ஒரே பாட்டுத்தான், திரும்பத் திரும்ப. சோடாவை எடுத்துட்டுப் போனா உள்ள போக மனசு வராது, கதவுக்கு வெளியவே நின்னு கேட்டுட்டு நானும் ஒரு பாட்டம் அழுதுட்டுப் போவேன். எங்க வயசு பொம்பளைங்களுக்கு அந்தப் பாட்டுன்னா அப்படிங்க" என்றார். எந்தப் பாட்டு என்று நான் கேட்கவே இல்லை. எனக்குத் தெரிந்துவிட்டது.

அகானே இரண்டாம் வகுப்பு படித்த வருஷம் வந்த பாட்டு அது. அந்தக் குளிர்காலத்தில் நாட்டில் பாதிப் பேர் அதைக் கேட்டு அழுதார்கள். என் பஸ் கண்ணாடியில் தினம் பார்ப்பேன். ஆஸ்பத்திரி நர்சுகள், வங்கிக்குப் போகிற பெண்கள், காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருப்பார்கள். இறங்கும்போது மூக்கு சிவந்திருக்கும். ராத்திரி சாப்பிடும்போது அவர்களை மாதிரியே மூக்கை உறிஞ்சி நடித்துக் காட்டி உன்னைச் சிரிக்க வைக்கப் பார்ப்பேன். நீ சிரித்த ஞாபகம் இல்லை. டிவி தொடர் முடியும்போது அந்தப் பாட்டு வரும், நீ ஏப்ரனால் கண்ணைத் துடைப்பாய். "யாருடி செத்துட்டா? என்னத்துக்கு இந்த ஒப்பாரி?" என்று சொல்லிப் பேஸ்பால் செய்திக்கு மாற்றிவிடுவேன். நீ எழுந்து பாத்திரம் கழுவப் போய்விடுவாய். ஒரு நாள்கூட நீ சண்டை போடவில்லை. போட்டிருக்கலாமே ரிட்சுகோ.

மூன்றாம் நம்பர் அறைக்கே போனேன். சின்ன அறை, ஜன்னல் கிடையாது, நாற்காலியில் ஒரு பக்கம் மட்டும் குழிந்திருக்கிறது. சுகாய் அம்மா சொல்லிக்கொடுத்தபடி அட்டையை இயந்திரத்தில் வைத்தேன். அட்டைக்காரர் என்ன பெயர் பதிந்து வைத்திருக்கிறாரோ அந்தப் பெயரைச் சொல்லித் திரை வரவேற்குமாம். பூச்சிகள் மாதிரி எழுத்துகள் ஓடி வந்து நின்றன: 'வாங்க, இருபத்தேழாம் நம்பர்!'

ரயில் நிலையத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு, பத்தொன்பது வருஷம் நான் ஓட்டிய பஸ். நான் தேடி வந்தவன் கிடைத்துவிட்டான். தொப்பியும் வெள்ளைக் கையுறையும் போட்டுக்கொண்டு, ஏறுகிறவர் இறங்குகிறவர் எல்லோருக்கும் நன்றி சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து வாயைத் திறக்காதவன். அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு அந்தப் பாட்டைப் போட்டேன். திரையில் ஓடிய அதன் வரிகளை முழுதாக நான் படித்தது இன்றைக்குத்தான். பிரிந்து போனவர்களுக்கான பாட்டு என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். அப்படி இல்லையே. ஒரே குடைக்குள் பக்கத்தில் நடக்கிறவன் எங்கோ பார்த்துக்கொண்டு நடக்கிறான். ஒரு தடவை திரும்பிப் பார்க்க மாட்டானா என்று அவள் கூடவே நடக்கிறாள். அவ்வளவுதான் பாட்டே. நானும் பாடினேன், என் கழுதைக் குரலில். பாதிக்கு மேல் முடியவில்லை. ஐம்பத்தொன்பது வயது ஆம்பளை, ஒலிவாங்கியைக் கையில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதேன். அந்த இயந்திரம் அறுபத்தொரு மதிப்பெண் போட்டு, 'இன்னும் கொஞ்சம் உணர்ச்சியோடு பாடலாமே' என்று அறிவுரை வேறு சொன்னது. சிரிப்பு வந்துவிட்டது. நீ இருந்திருந்தால் நீயும் சிரித்திருப்பாய். சுகாய் அம்மா கதவைத் திறந்து, சூடான ஈரத் துண்டை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்து முத்திரையைக் குத்திவிட்டேன். படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன். எனக்கு இதில் துளியும் இஷ்டமில்லை. ஆனால் என் இஷ்டப்படியே முப்பத்தொரு வருஷம் ஓட்டியாகிவிட்டது. நீ என்னிடம் வாய்விட்டுக் கேட்ட ஒன்றே ஒன்று இந்தக் காகிதம்தான். இதையும் இழுத்தடித்தால் நான் மனுஷனே இல்லை. மேலே தேதி எழுதுகிற இடத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன். அதை எழுதி நகராட்சியில் கொடுக்க வேண்டியது நீ. என்றைக்கு எழுதினாலும் ஏன் என்று கேட்க மாட்டேன்.

வீடு இருக்கிறபடி இருக்கிறது. கூரைப் பனியை நானே தள்ளினேன், இடுப்பு பிடித்துக்கொண்டது, பெரிதாக ஒன்றுமில்லை. சோறு வடிக்கக் கற்றுக்கொண்டேன். அகானே ஞாயிறு தவறாமல் பேசுகிறாள். உன்னைப் பற்றி இருவரும் பேசுவதில்லை. நீ அந்தக் கணுக்கால் வலியோடு பனியில் நடக்காதே, சறுக்கலாக இருந்தால் காய்கறிக்குத் தங்கையை அனுப்பு.

ஒன்று மட்டும் கேட்கிறேன். தேதி எழுதுவதற்கு முன்னால், ஏதாவது ஒரு வியாழக்கிழமை மதியம் எனக்கு போன் செய். பேச வேண்டாம். பாடு. பதினோரு வருஷம் நீ பாடியதை ஊரில் எனக்கு முன்பின் தெரியாத ஒரு அம்மா கதவுக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறார். உன் குரல் பாட்டில் எப்படி இருக்கும் என்றே எனக்குத் தெரியாது. அது தெரியாமலே உன் கணவன் என்ற பெயரை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

உடம்பைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்.

யாசுஹிகோ