கப்பலா, முன் சீட்டா?

அன்பும் அதட்டலும் நிறைந்த அக்காவுக்கு,

உன் ஒரே தம்பியும், போட்டிக்கு ஆளில்லாததால் உன் தலைசிறந்த தம்பியும், நீ ஊருக்குக் கிளம்பிய அன்று உன் பெட்டிக்குள் செங்கல் வைத்தனுப்பியவனுமாகிய வால் எழுதிக்கொள்வது. இங்கே அனைவரும் நலம் என்றுதான் கடிதத்தை ஆரம்பிக்க வேண்டுமாம். ஆரம்பித்துவிட்டேன். இனி உண்மையைச் சொல்கிறேன்.

இதையெல்லாம் போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். நம் வீட்டில் போன் என்பது வானொலி நிலையம். அம்மா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பாத்திரம் தேய்ப்பாள். அப்பா "நல்லா இருக்கியாம்மா?" என்பதற்கு மேல் பேசமாட்டார், ஆனால் நீ வைக்கும் வரை காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதில் ரகசியம் பேசுவது சந்தையில் குளிப்பது மாதிரி. அதனால்தான் காகிதம். வரிகள் ஓரத்தைத் தாண்டி ஓடினால் திட்டாதே. பேனாவுக்கும் கொஞ்சம் சுதந்திரம் வேண்டாமா?

அப்பாவின் கண் விஷயம் உனக்குப் பாதிதான் தெரியும். மீதியை அம்மா உன்னிடம் சொல்லாமல் விழுங்கிவிட்டாள். போன தடவை டாக்டர், "பாக்கற வட்டம் சுருங்கிக்கிட்டே வருது. நேரா இருக்கறது இன்னும் கொஞ்ச காலம் தெரியும். எதாவது பாக்கணும்னு ஆசை இருந்தா தள்ளிப்போடாதீங்க" என்றாராம். கடையில் சரக்கு தீரப்போகிறது, சீக்கிரம் வாங்கிக்கொள்ளுங்கள் என்கிற மாதிரி. பஸ் ஓட்டும் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்த அன்றுகூட அப்பா ஒழுங்காகச் சாப்பிட்டார். இதைக் கேட்டுவிட்டு வந்த அன்று சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் டீயைக் கையில் வைத்துக்கொண்டு, "வடக்க அந்தப் பெரிய காட்ட ஒரு தடவ பாத்துடணும்" என்றார். டிவியில் காட்டுவார்களே, கடலோரத்தில் பனிமலையும் கரடியுமாக, அந்தக் காடு. அவ்வளவுதான். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் ஒரே ரோட்டில் போய் ஒரே ரோட்டில் திரும்பி வந்த மனிதர். அந்த ரோட்டில் அவர் பார்த்த ஒரே வனவிலங்கு டிக்கெட் பரிசோதகர்தான்.

அம்மா உடனே ஒரு டிராவல்ஸ்காரரை வீட்டுக்கே வரவழைத்துவிட்டாள். அவர் இரண்டு வழி சொன்னார். ஒன்று கப்பல். கரையை ஒட்டியே மெதுவாகப் போகும். மேல்தளத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் காடும் பனிமலையும் தானாக வந்து முகம் காட்டிவிட்டுப் போகும். அறை, சாப்பாடு, டாக்டர் எல்லாம் உள்ளேயே. இன்னொன்று தரைவழி. சின்ன வேன், காட்டை ஊடுருவிப் போகிற ரோடு, ஒவ்வொரு ராத்திரியும் ஒவ்வொரு மர வீட்டில் தங்கல். பளபளவென்று படங்களை மேஜையில் விரித்தார். நான் பார்க்கக் கையை நீட்டினேன். ஓரத்தில் இருந்த டீ டம்ளர் கவிழ்ந்து, கப்பல் அங்கேயே மூழ்கியது. "வேணும்னே பண்றான் பாருங்க, இவனோட முடியல" என்றாள் அம்மா. அவரும் சிரித்தார். என் புகழ் அப்படி. நான் எதைத் தட்டிவிட்டாலும் இந்த வீட்டில் அதற்குப் பெயர் குறும்பு.

அன்றைக்கு ஆரம்பித்தது சண்டை. அம்மாவுக்குக் கப்பல். "ஏங்க, ஒரே எடம், ஒரே ரூமு. ரெண்டு நாள்ல எங்க படி, எங்க கதவுன்னு பழகிடும். அந்த வேன்ல போனா தெனம் ஒரு புது வீடு, புதுப் படி. இருட்டுனா உங்களுக்குச் சுத்தமா தெரியாது. எங்கயாவது விழுந்து வச்சா நான் யாரக் கூப்பிடறது?" என்கிறாள். தப்பு சொல்ல முடியுமா?

அப்பாவுக்குத் தரைவழி. அதுவும் டிரைவருக்குப் பக்கத்தில் முன் சீட்டு. அது இல்லாவிட்டால் பயணமே வேண்டாமாம். பல நாள் காரணமே சொல்லவில்லை. ஒருநாள் அம்மா நச்சரித்ததும் சொன்னார்: "கப்பல்ல எல்லாமே அகலம். இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடிவரைக்கும் மல, மரம், தண்ணி. எங்கிட்ட அகலம் இல்ல. ரோடு அப்படி இல்ல, நேரா வரும். எனக்கு இன்னும் நேரா தெரியுது." அதன்பிறகு அம்மா கொஞ்ச நேரம் விளக்குமாற்றை வைத்துக்கொண்டு பெருக்கிய இடத்தையே பெருக்கிக்கொண்டிருந்தாள்.

நான் மதில்மேல் பூனை. இரண்டு கட்சியிலும் பால் கிடைத்தது.

நீ போனபிறகு வந்த ஒரு புதுப் பழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் மற்றது புரியும். அம்மா அப்பாவின் பஸ்ஸில் கண்டக்டராக இருந்த காலத்து விசில் இருக்கிறதே, அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்தது, அது மறுபடி வேலைக்கு வந்துவிட்டது. கறுப்புக் கயிற்றில் கழுத்தில் மாட்டியிருக்கிறாள். அப்பா மாடிப்படி பக்கம் போனால் ஒரு விசில்: நின்றுவிடுவார். வழி சரியாக இருந்தால் இரண்டு விசில்: கிளம்புவார். வாயால் சொன்னால் அவருக்குக் கோபம் வருகிறது, விசிலுக்கு மட்டும் அடங்குகிறார். மேல்வீட்டுக்காரர் நம் கூடத்தில் பஸ் ஓடுகிறதென்றே நினைத்துக்கொண்டிருக்கிறார். "கண்டதையெல்லாம் சொல்றதாலதான் உனக்குக் கண்டக்டர்னு பேரு வந்துச்சு" என்று நான் அம்மாவிடம் சொன்னேன். பக்கவாட்டில் இருந்து ஒரு கரண்டி பறந்து வந்தது. வருவதே தெரியாமல் தோளில் வாங்கிக்கொண்டேன்.

சண்டை முற்றி, இரண்டு பேரும் என் வழியாகப் பேசிக்கொள்ள ஆரம்பித்ததும் நான் ஒரு யோசனை சொன்னேன். போகும் முன்பே இரண்டையும் ஒத்திகை பார்த்துவிடுவோம். முதலில் கப்பல். மொட்டைமாடியில் இரண்டு நாற்காலி போட்டு, நானே கேப்டனாகி, தலையில் வடிகட்டியைக் கவிழ்த்துக்கொண்டேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "அந்தப் பக்கம் தண்ணித் தொட்டி இருக்கு, இந்தப் பக்கம் கொடியில துணி காயுது, அதுக்கு மேல பறவ போகுது" என்று அன்பாகத்தான் சொல்லிக்கொண்டே வந்தாள். அப்பா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "நீ சொல்றதக் கேக்கறதுக்கு அவ்ளோ தூரம் எதுக்கு? வீட்லயே ரேடியோ இருக்கு" என்றார். கப்பல் ஒத்திகை அத்தோடு நங்கூரம் பாய்ச்சிவிட்டது. அம்மா கீழே இறங்கிப் போய்விட்டாள். வடிகட்டியோடு நான் மட்டும் நின்றேன்.

தரைவழி ஒத்திகைக்கு ஞாயிற்றுக்கிழமை டெப்போவுக்குப் போனோம். டயர் மாமாவை உனக்கு ஞாபகம் இருக்கும், சின்ன வயதில் நம்மை டயருக்குள் உட்காரவைத்து உருட்டுவாரே, அவர்தான். மூலையில் ஒரு பழைய பஸ்ஸை நிறுத்தி, பேட்டரி ஏறட்டும் என்று எஞ்சினை ஓடவிட்டிருந்தார். சும்மா ஏறி உட்கார்ந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். அப்பாவை முன் சீட்டில்தான் உட்காரச் சொன்னேன். அவர் கால் அவரை டிரைவர் சீட்டுக்குக் கொண்டுபோய்விட்டது. அதனால் முன் சீட்டு எனக்கு. ஸ்டீயரிங்கைத் தொட்டதும் அவர் முதுகு நிமிர்ந்ததைப் பார்த்தேன் அக்கா. கொஞ்ச நாளாக அவர் வீட்டில் உட்காரும்போது அந்த முதுகு எங்கே போயிருந்ததோ தெரியவில்லை.

அம்மா பின்படியில் ஏறினாள். ஏறினாளா, கதவைச் சாத்தினாள். சாத்தினாளா, விசிலை எடுத்து இரண்டு ஊதினாள். ஏன் ஊதினாள் என்று இன்றுவரை அவளுக்கே தெரியாது. பின்படியும் மூடிய கதவும் எஞ்சின் சத்தமும் சேர்ந்தால் அவள் கை அதைத்தான் செய்யும். இரண்டு விசில் கேட்டால் அப்பாவின் கை கால் என்ன செய்யும்? பிரேக் விடுபட்டது, கியர் விழுந்தது, பஸ் நகர்ந்தது. உலகத்தில் வேறு எந்தப் புருஷன் பெண்டாட்டியும் இப்படி ஒரு தப்பைச் செய்யமுடியாது. அப்பா சாலையில் சொல்வதுபோலவே, "டேய், உன் பக்கம் பாத்துச் சொல்லு" என்றார். நான் என் பக்கம் பார்த்தேன். காலி மைதானம்தான். "போலாம் ரைட்!" என்று கத்தினேன்.

என் பக்கத்தில் ஒரு தண்ணீர் டிரம் இருந்திருக்கிறது. நீல நிறம். என் உயரம். நல்ல வெயில்.

பஸ் அதை இடித்து நசுக்கி இழுத்துக்கொண்டு போன சத்தத்தில் டயர் மாமா டீ கிளாசோடு ஓடிவந்தார். அம்மா ஒரு விசில் ஊதினாள், பஸ் நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அம்மா முன்னால் வந்து, "வெளையாட்டுக்கும் ஒரு அளவு இல்லயாடா? அப்பாவுக்குத் தெரியாதுன்னு தெரிஞ்சே இடிக்க வைப்பியா? நீயெல்லாம் மனுஷனா?" என்று அடித்தாள். டயர் மாமாகூட என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நான் இளித்துக்கொண்டே வாங்கிக்கொண்டேன். குறும்புக்காரன் என்ற பட்டம் இருக்கிறதே அக்கா, அது நல்ல கெட்டியான போர்வை. உள்ளே என்ன படுத்திருக்கிறது என்று யாரும் தூக்கிப் பார்ப்பதில்லை.

அப்பா மட்டும் திட்டவில்லை. இறங்கிப் போய், அந்த டிரம்மைக் கையால் தடவித் தடவிப் பார்த்தார். எவ்வளவு உயரம், எவ்வளவு அகலம் என்று. பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு மெதுவாக, "நெஜமாவே தெரியலயா?" என்றார். சும்மா தமாஷ்தாம்பா என்றேன். அவர் சிரிக்கவில்லை. என் முகத்துக்கு நேராக விரலை நீட்டி, அதை என் காதுப் பக்கமாக நகர்த்திக்கொண்டே போனார், டாக்டர் அவருக்குச் செய்வதுபோல. விரல் போன பிறகும் நான் தெரிகிறது தெரிகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் கையை எப்போதோ கீழே இறக்கிவிட்டிருந்தார்.

வீட்டுக்குத் திரும்பும்போது அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பார்த்தவர்கள் பையன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போகிறான் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

அன்று சாப்பிடும்போது அப்பா தீர்ப்புச் சொன்னார். தரைவழிதான். ஆனால் முன் சீட்டு அவருக்கு வேண்டாமாம், எனக்காம். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "இத்தன நாளா அந்த சீட்டுக்குத்தான சண்ட போட்டீங்க? அவன் ஏறுன ஒடனே தூங்கிடுவான்" என்றாள். அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே, "அவன் பாக்கட்டும்" என்றார். கொஞ்சம் கழித்து, அடுத்த தடவை கண் டாக்டரிடம் போகும்போது துணைக்கு இவன் வரட்டும் என்றார். அம்மாவுக்கு ரொம்ப சந்தோஷம், பையனுக்குப் பொறுப்பு வந்துவிட்டதாம். எனக்கு இன்னொரு ரொட்டி வைத்தாள்.

உனக்குச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. இது அப்பாவிடமிருந்து பிள்ளைகளுக்கு வரக்கூடியது என்று டாக்டர் முன்பே சொல்லியிருக்கிறார். அம்மா அந்தப் பாதியையும் உனக்குச் சொல்லியிருக்க மாட்டாள். நீயும் ஒரு தடவை போய்க் காட்டிவிடு. உனக்கு ஒன்றும் இருக்காது. மூக்கு, முன்கோபம், முட்டைக்கண் எல்லாமே அம்மாவுடையது. இருந்தாலும் காட்டிவிடு. எனக்கு அப்பாவின் சொத்தில் பங்கு கிடைத்ததில் உனக்குப் பொறாமை வேண்டாம்.

இப்போது ஓட்டுக் கணக்கு. அம்மா கப்பல். அப்பா தரை. நான் மதிலிலிருந்து இறங்கிவிட்டேன்: தரை. நேராக வருகிற எதையாவது நேராகப் பார்த்துவிட வேண்டும் போல இருக்கிறது. ஒரு கரடியாவது ரோட்டுக்கு நடுவில் வந்து நின்றால் போதும், ஓரமாக நிற்கிற கரடிகளை நீ பார்த்துக்கொள். ஆக, உன் ஓட்டு இல்லாமலே அம்மா தோற்றுவிட்டாள். ஆனால் அவளைத் தோற்கடித்து அழைத்துப் போக எனக்கு மனம் வரவில்லை. அவள் கேட்பது கப்பல் இல்லை அக்கா. இருட்டில் கூப்பிட்டால் வருவதற்கு ஒரு ஆள்.

அதனால் உன்னிடம் ஓட்டுக் கேட்கவில்லை. அம்மாவுக்கு இருப்பது இரண்டே கை. தெரியாத படிகளில் ஒரு கை அப்பாவுக்கு, ஒரு கை பைக்கு என்று அவள் மனதுக்குள் பிரித்து வைத்திருக்கிறாள். அந்த இரண்டாவது கை வேறொருவனுக்கும் வேண்டியிருக்கும் என்பது அவளுக்கு இன்னும் தெரியாது. நான் சொல்லப்போவதில்லை. அப்பாவும் காட்டைப் பார்த்து முடிக்கும் வரை சொல்லமாட்டார் என்று நினைக்கிறேன். அப்படியானால் பையைத் தூக்க ஆள் இல்லை. லீவு கிடைக்காது, வேலை தலைக்குமேல் இருக்கிறது என்று எழுதாதே. இங்கிருந்து இரண்டு விசில் ஊதியதாக நினைத்துக்கொண்டு கிளம்பிவிடு.

பை கனமாகவே இருக்காது. இந்தத் தடவை உள்ளே செங்கல் வைக்கமாட்டேன். சத்தியமாக.

வழி பார்த்துக்கொண்டிருக்கும்,
உன் வால்